சூடில்லாத கிண்ணம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். விடியற்காலையில் தொலைபேசி அடித்தால் பயம். லிஃப்ட் நடுவில் குலுங்கினால் பயம். மனேஜர் கோபமாகக் கூப்பிட்டால் பயம், சிரித்துக்கொண்டு கூப்பிட்டால் இன்னும் பயம். தரம் பார்க்கும் வேலைக்கு இப்படிப்பட்ட ஆள்தான் சரி என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்களாம். பயப்படுகிறவள் எதையும் இரண்டு தரம் பார்ப்பாள் என்பது அவர்களுடைய நினைப்பு. பயப்படுகிறவள் சில வேளை பார்க்காமலே கண்ணை மூடிக்கொள்வாள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

தொழிற்சாலை கிராண்ட்பாஸில். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலிருந்து ஒடுங்கிய ஒழுங்கையால் நடந்து இறங்கி, கடலோர ரயிலில் மருதானைக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுப்பேன். வீட்டில் நானும் என் தங்கையும் அவளுடைய நாலு வயது மகளும். தங்கையின் கணவர் கட்டாரில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் பயம்தான் காரணம் என்று தங்கை சிரித்துப் பகிடி பண்ணுவாள், நானும் மறுப்பதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் சாமான்கள் செய்வோம். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி இரும்பு அச்சுக்குள் தள்ளினால், அச்சு திறக்கும்போது மூடியோ கரண்டியோ சூடாக வந்து விழும். முன்பெல்லாம் ஒரு அச்சை மெஷினில் ஏற்றினால் மூன்று நாலு வாரத்துக்கு இறக்க மாட்டோம். ஒரு குளிர்பானக் கம்பனிக்கு மூடி, ஒரு யோகட் கம்பனிக்குக் கரண்டி, அவ்வளவுதான் எங்கள் உலகம். அச்சு மாற்ற அரை நாள் எடுப்போம். நடுவில் தேநீரும் குடிப்போம், ஊர்க்கதையும் கதைப்போம். சோம்பேறித்தனமாக நன்றாக இருந்தோம்.

மெஷின்களுக்கு எதிரே சுவரில் ஒரு பலகைத் தட்டு உண்டு. பிள்ளையார், புத்தர், அந்தோனியார் மூவரும் ஒரே குட்டி பல்பின் வெளிச்சத்தில் அதில் இருப்பார்கள். அச்சு மாற்றியதும் வந்து விழும் முதல் உருப்படியை அந்தத் தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அச்சை இறக்கும்வரை அதில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். இறக்கிய பிறகு, வீட்டில் நோயாளி இருப்பவருக்கோ பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை இருப்பவருக்கோ அதைக் கொடுத்துவிடுவார்கள். மூடியை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வது என்று கேட்டால் எல்லோருக்கும் கோபம் வரும். தரம் பார்க்கும் எனக்கு இரண்டாவது உருப்படியிலிருந்துதான் வேலை.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் வரிசை துறைமுகத்தில் இருந்தது. பிளாஸ்டிக் மணிகள் வந்து கிடந்தன, வெளியே எடுக்க வழியில்லை. குளிர்பானக் கம்பனி மூடி வேண்டாம் என்றது. யோகட் கம்பனி, இனி ஆட்கள் வீட்டுக் கரண்டியில் சாப்பிடட்டும் என்றது. பக்கத்தில் அட்டைப்பெட்டி செய்த தொழிற்சாலையின் கேற்றில் ஒரு காலை பெரிய பூட்டு தொங்கியது. பஸ்ஸால் இறங்கி அந்தப் பூட்டைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். நாளைக்கு எங்கள் கேற்றிலும் ஒன்று தொங்கும் என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் புத்தகத்தில் பெயர் எழுதுவேன்.

அந்த நேரத்தில்தான் புது மனேஜர் வந்தார். சிங்களவர், என்னைவிட வயது குறைந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். எல்லோரையும் கூட்டி அவர் சொன்னது ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் செய்வோம், எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் செய்வோம். அதற்கு அச்சு மாற்றும் நேரம் குறைய வேண்டும். சொன்னதோடு நிற்காமல் மெஷினுக்குப் பக்கத்தில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு நின்றார். ஸ்பானர் சாவிகளை எடுக்க நடக்கும் தூரத்தைக் குறைத்தார், அடுத்த அச்சை முன்கூட்டியே சூடாக்க வைத்தார். அரை நாள் வேலை நாற்பது நிமிடத்துக்கு வந்தது. தேநீரும் போனது, ஊர்க்கதையும் போனது. ஆனால் ஆட்கள் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பூட்டைத் தாண்டி உள்ளே வருகிறவர்களுக்கு அது போதும்.

மருந்துக் கிண்ணம் வந்தது அதற்குப் பிறகு. வெளிநாட்டு மருந்து வராததால் உள்ளூர்க் கம்பனிகள் காய்ச்சலுக்குப் பிள்ளைகள் குடிக்கிற பாணி மருந்து கூடுதலாகச் செய்தன. போத்தலோடு கொடுக்கும் குட்டி அளவுக் கிண்ணம்தான் கிடைக்கவில்லை. இரண்டு கம்பனிகள் எங்களிடம் கேட்டன. இரண்டு கிண்ணமும் வெளியே பார்க்க ஒன்று போலத்தான், உள்ளே மட்டும் வித்தியாசம். ஒன்றுக்கு அடி தடிப்பு, அளவுக் கோடுகளும் வேறு இடத்தில். இரண்டு புது அச்சு வெட்டப் பணமில்லை. அப்போது வாயைத் திறந்தது நான்தான். வெளிப்பாதியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, உட்பாதியையும் கோடு விழுகிற தகட்டையும் மட்டும் கம்பனிக்குக் கம்பனி மாற்றினால் என்ன என்று கேட்டேன். மனேஜர் எல்லோர் முன்னாலும் கை தட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அன்று முழுக்கக் கால் தரையில் படவுமில்லை.

அச்சு மாற்றுவதற்குப் பொறுப்பானவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் குடும்பத்தோடு இருக்கிறார். கை சுத்தமான மனிதர். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தரம் அச்சு மாற்ற, ஒவ்வொரு தரமும் நான் ஓடிப்போய்க் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து, தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். அதுவரை மெஷின் நிற்கும். என் முழங்கால் வலியை அவர் கவனித்திருக்கிறார். நான் வரும்போது கிண்ணமும் தண்ணீரும் சிரிஞ்சும் தாளும் பேனாவும் ஒரு ஸ்டூலில் தயாராக இருக்கும். இவ்வளவு நல்ல மனிதரா என்று நான் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. முதலாவது கம்பனியின் கிண்ணம் முடிந்து இரண்டாவது கம்பனியின் கிண்ணத்துக்கு மாற வேண்டும். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் விளக்கு மட்டும்தான் எரியும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எல்லோரும் சும்மா நின்றோம். கரண்ட் வந்ததும் மனேஜர் மணிக்கூட்டைப் பார்க்க, அண்ணன் அவசரமாக மிச்ச வேலையை முடிக்க, மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் கிண்ணம் வழக்கம் போல சாமித் தட்டுக்குப் போனது. என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டூலில் கிண்ணம் இருந்தது. அளந்தேன், ஐந்து மில்லிக் கோட்டுக்குச் சரியாக ஐந்து மில்லி. கையெழுத்து வைத்தேன்.

ஆனால் அந்தக் கிண்ணம் குளிர்ந்திருந்தது. மெஷினிலிருந்து விழுந்த கிண்ணம் கால் மணித்தியாலத்துக்காவது விரலில் சூடு காட்டும். பத்தொன்பது வருடமாக அந்தச் சூட்டைத் தொட்டுத்தான் என் விரல் நுனி பழகிப்போயிருக்கிறது. அது குளிர்ந்திருந்தது என்று என் விரலுக்குத் தெரிந்தது. தண்ணீர் விட்டதால் குளிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே மனேஜர் நின்றார். அடுத்த மெஷினில் இன்னொரு அச்சு எனக்காகக் காத்திருந்தது. புதுக் கிண்ணம் ஒன்று தாருங்கள் என்று கேட்க இரண்டு வார்த்தை போதும். கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை அந்த வேலை முடிந்து கிண்ணங்கள் மருந்துக் கம்பனியின் களஞ்சியத்துக்குப் போயின. அச்சை இறக்கினார்கள். தங்கையின் மகளுக்குக் காய்ச்சல் என்று நான் காலையில் சொல்லியிருந்தேன். அண்ணன் தட்டிலிருந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார்.

"சாமிக்கிட்ட இருந்ததுங்க மிஸ். பாப்பாவுக்கு இதுல மருந்து குடுங்க, காய்ச்சல் ஓடிரும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் எழுதிய பாணி மருந்து, கிண்ணம் இல்லாமல் வெறும் போத்தலாகத்தான் பாமசியில் கிடைத்திருந்தது. நாளுக்கு மூன்று வேளை, ஐந்து ஐந்து மில்லி, நாலு நாளைக்குப் போதும், ஞாயிறு மத்தியானம்வரை காணும் என்று சொல்லியிருந்தார்கள். முதல் வேளையை எந்தக் கரண்டியால் கொடுப்பது என்று தங்கை தடுமாறிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம். உங்கள் பெரியம்மா செய்த கிண்ணம் என்று சொல்லி அன்றிரவு பிள்ளைக்குப் பருக்கினாள். பிள்ளை இன்னும் வேண்டும் என்று நக்கியது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை படுத்திருந்தது. காய்ச்சல் இல்லை, ஆனால் சாப்பிடவில்லை, கூப்பிட்டால் ஒரு தரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது தங்கை குசினியிலிருந்து, பெரிய விஷயமாக இல்லாமல், சும்மாதான் சொன்னாள்.

"இப்ப போத்திலிலையும் குறைச்சுத்தான் விடுறாங்கள் போல அக்கா. நாளைக்கு மத்தியானம் மட்டும் காணும் எண்டவை, இண்டைக்குக் காலமையோட முடிஞ்சுது."

அந்தக் காலத்தில் எதுவுமே குறைவாகத்தான் வந்தது. பேக்கரிப் பாணின் எடை குறைந்தது, சவர்க்காரம் சிறுத்தது. வேறு யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். என் விரலுக்குத்தான் அந்தக் குளிர் திரும்ப வந்தது. கைப்பையில் எப்போதும் ஒரு சிரிஞ்ச் கிடக்கும். கிண்ணத்தை எடுத்து ஐந்து மில்லிக் கோடுவரை தண்ணீர் விட்டேன். சிரிஞ்சால் உறிஞ்சினேன். ஏழரை. அளவு பிழைத்திருக்கும் என்று இன்னொரு தரம் செய்தேன். ஏழரை. கிண்ணத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தடிப்பாக இருக்க வேண்டிய அடி மெல்லியதாக இருந்தது. கோடு இரண்டாவது கம்பனியுடையது, உள்ளே குழி முதலாவது கம்பனியுடையது. கரண்ட் போன அந்த நேரத்தில் தகடு மாறியிருக்கிறது, உட்பாதி மாறவில்லை. நான் அளந்தது இதே கம்பனிக்கு முந்தைய கிழமை செய்த பழைய கிண்ணம்.

பிள்ளை எட்டுத் தரம் குடித்திருந்தது. நான் தங்கையிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் கேள்வி ஒன்றும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பைப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது. ஒழுங்கை முனையில் டாக்டர் கிளினிக்கை மூடப்போகிற நேரம். அவர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நிறை போட்டார், தாளில் ஏதோ கூட்டினார். இந்த நிறைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். காய்ச்சல் விட்ட அலுப்பில்தான் தூங்குகிறது, ஆனாலும் இரத்தம் சோதித்துப் பார்ப்போம், வாந்தி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள் என்றார். பிறகு கிண்ணத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வயதுப் பிள்ளை, மெலிந்த பிள்ளை, ஈரல் பலவீனமான பிள்ளை என்றால் கதை வேறு என்றார். எங்கே வாங்கியது என்றும் கேட்டார். நான் கிண்ணத்தை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினேன்.

வெளியே வந்து படியில் நின்றோம். காலி வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தங்கை பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தினை கிண்ணம்?"

நாற்பதாயிரம் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மனேஜரின் இலக்கம் என் கைத்தொலைபேசியில் இருந்தது. பல்கனியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இலக்கத்தை எடுப்பேன், பார்ப்பேன், அணைப்பேன். தாளில் இருப்பது என் கையெழுத்து. ஒரு அச்சில் இரண்டு கிண்ணம் என்பது என் யோசனை. இது வெளியே வந்தால் மருந்துக் கம்பனி இனி எங்கள் வாசலுக்கு வராது. மற்றக் கம்பனிகளும் வராது. எங்கள் கேற்றிலும் பூட்டு விழும். அண்ணன், பொதி கட்டுகிற பெண்கள், வாசலில் நிற்கிற காவல்காரர் எல்லோரும் என்னால்தான் வீட்டில் இருப்பார்கள். இப்படியெல்லாம் மற்றவர்களுக்காகப் பயப்படுவது போல நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான் பயந்தேன். அந்த மனிதர் கை தட்டிய முகம் எப்படி மாறும் என்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். அந்த மருந்துக் கம்பனி புதிதாக வந்த சாமானைத் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் பொதி செய்யத் தொடங்கும். பல தரம் நான் அங்கே போயிருக்கிறேன், எனக்குத் தெரியும். திங்கள் ஏழு மணிக்கே மனேஜரை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை. அதற்குள் இரத்தச் சோதனையும் வந்துவிடும். இப்படிச் சொல்லிக்கொண்டதும் உண்மையாகவே மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

ஞாயிறு பின்னேரம் சோதனை முடிவு வந்தது. பிழையாக ஒன்றுமில்லை. பிள்ளை எழும்பியிருந்து புட்டுச் சாப்பிட்டது. தங்கை சாமியறையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துவாயால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம், நேற்றே சொல்லிப்போட்டன்."

எவ்வளவு லேசாக அந்தப் பொய் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. தங்கை என் தலையைத் தடவினாள். என்னைவிட ஆறு வயது இளையவள் அவள்.

திங்கள் ஏழு மணிக்கு மனேஜரின் அறையில் நின்றேன். கிண்ணத்தை மேசையில் வைத்து, தண்ணீர் விட்டு, அளந்து காட்டினேன். அவர் முகம் மாறவேயில்லை. அதற்காகவா இரண்டு நாள் பயந்தேன் என்று இருந்தது. எப்போது தெரிந்தது என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நேற்றுப் பின்னேரம்தான் என்றேன். அது இரண்டாவது பொய். அவர் உடனே மருந்துக் கம்பனிக்கு அழைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். அவர்கள் பகுதியில் திங்கட்கிழமை பகல் முழுக்க மின்வெட்டாம். அதனால் அந்தக் கிழமை நேரத்தை மாற்றி ஞாயிற்றுக்கிழமையே ஆட்களைக் கூப்பிட்டுப் பொதி செய்துவிட்டார்கள். ஒரு லொறி விடியவே போய்விட்டது.

நாடு முழுக்க எல்லோரும் நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வருகிற நேரத்துக்குச் சோறு சமைத்தோம், உடுப்பு அயர்ன் பண்ணினோம். எங்கள் தொழிற்சாலையே தன் வேலை முறையைத் தலைகீழாக மாற்றித்தான் தப்பியிருந்தது. அந்த மாற்றத்துக்காகக் கைதட்டல் வாங்கியவள் நான். அப்படிப்பட்ட நான் பத்து மணி என்ற பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை நாள் சும்மா இருந்திருக்கிறேன்.

கீழே இறங்கினபோது அண்ணனுக்குச் செய்தி போயிருந்தது. அச்சைத் திறந்து உட்பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

"மிஸ் கால் வலியோட காத்து நிக்க வேணாம்னுதாங்க பழைய கிண்ணத்த வச்சேன். பழசுன்னு எப்படியும் நீங்க தொட்டா தெரிஞ்சிரும், வேணும்னா புதுசு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவர் லொறி எந்தப் பக்கம் போனது என்று கேட்டார். மலையகப் பக்கம் என்று சொன்னேன். அவருடைய அக்காவும் அக்காவின் பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கம் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். கேற்றடியில் நின்று அவர் சத்தமாகக் கத்திக் கதைப்பது உள்ளே மெஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.

மருந்துக் கம்பனியும் எங்கள் மனேஜரும் அன்று செய்ததைக் குறை சொல்ல முடியாது. லொறிச் சாரதியை வழியில் பிடித்தார்கள். இறக்கிய கடைகளுக்கெல்லாம் ஆள் போனது. களஞ்சியத்தில் இருந்தவை அப்படியே திரும்பின. போன பெட்டிகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் வந்தன. அந்த இரண்டையும் கடைக்காரர்கள் பிரித்து விற்றுவிட்டார்கள், யாருக்கு என்று தெரியாது. ஒரு பெட்டியில் நூறு போத்தல். கெட்ட செய்தி ஒன்றும் வரவில்லை. தோட்டத்து லய வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஈரல் கெட்டால் அது கிண்ணத்தால் என்று யார் கண்டுபிடிப்பார்கள், செய்தி எங்கிருந்து வரும்?

எங்கள் கேற்றில் பூட்டு விழவில்லை. ஒரே மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. இப்போது தகட்டில் ஒரு முளை இருக்கிறது. பிழையான உட்பாதியைப் போட்டால் அச்சு மூடவே மூடாது. முதல் கிண்ணத்தை அளந்த பிறகுதான் சாமித் தட்டில் வைக்கிறோம். அண்ணனையும் அனுப்பவில்லை, என்னையும் அனுப்பவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மனேஜர் என்னைக் காட்டி, பிழை தெரிந்ததும் ஒளிக்காமல் அடுத்த நாள் காலையிலேயே வந்து சொன்னவர் என்று அறிமுகம் செய்கிறார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

நான் சனிக்கிழமையே சொன்னேன் என்பது தங்கைக்குத் தெரிந்த கதை, எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது என்பது மனேஜருக்குத் தெரிந்த கதை. இந்த இரண்டு பேரும் ஒரு நாள் சந்தித்துக் கதைத்தால் என் கதை அவ்வளவுதான். வருடக் கடைசியில் குடும்பத்தோடு வரச்சொல்லிக் கம்பனியில் விருந்து வைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் தங்கைக்கு வேலை, பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஏதாவது சொல்லித் தனியாகப் போகிறேன். வெள்ளவத்தையில் எந்தப் பாமசிக்குப் போனாலும் பாணி மருந்துப் பெட்டியைத் திறந்து கிண்ணத்தின் அடியைத் தடவிப் பார்க்கிறேன். அந்தக் கிண்ணங்கள் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அல்லது ஏதோ ஒரு வீட்டில் ஜன்னல் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்து, அடுத்த பிள்ளையின் காய்ச்சலுக்காக வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். நாங்கள் எதையும் லேசில் எறிவதில்லை.

போன கிழமை பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல். இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நான் அளந்து சரி என்று சொல்லும்வரை மருந்தை வாயில் வைக்க மாட்டாள், அப்படிப் பழக்கிவிட்டேன். பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரிக்குத் தங்கை அந்தக் கதையைச் சொன்னாள். அவள் எல்லோருக்கும் சொல்லும் கதைதான். அக்கா சனிக்கிழமையே ஃபோன் பண்ணி நிப்பாட்டிப்போட்டா, இல்லாட்டி எத்தினை பிள்ளையளுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நான் அளந்த கிண்ணத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி போய்க் கதவு சாத்தியதும், ஏன் அன்றைக்கு என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. லொறி போன பிறகுதான் சொன்னேன்.

தங்கை மேசையடிக்கு வந்தாள்.

"எத்தினை கிண்ணம் திரும்பி வரேல்லை?"

"இருநூறு."

அவள் பிள்ளையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். மேசையில் கிடந்த என் சிரிஞ்சை எடுத்து, அந்த மருந்தைத் தானே இன்னொரு தரம் அளந்தாள்.